விசாரணைக்குப் போன வீடு

நாடே பெருந்தொற்றில் முடங்கிக் கிடந்த சமயத்தில், யார் ஏழை என்று கண்டுபிடித்துச் சொல்லும் வேலை எனக்கு. அரசு உதவித்தொகை கேட்டு மனுப் போட்டவர்களின் வீட்டுக்கே போய்ப் பார்த்து அறிக்கை எழுத வேண்டும். கையில் ஒரு படிவம் கொடுத்திருந்தார்கள். மின்விசிறி உண்டா, நாற்காலி உண்டா, டிவி உண்டா என்று வரிசையாகக் கட்டங்கள். சாப்பிட்டு எத்தனை நாளாயிற்று என்று கேட்க ஒரு கட்டம் கிடையாது. உதவி பெறுகிறவர்கள் பட்டியல் நீளக் கூடாது என்று மேலிடத்தில் வாய்வார்த்தையாகச் சொல்லியிருந்தார்கள். அதையெல்லாம் எழுத்தில் தரமாட்டார்கள், அவ்வளவு விவரம்.

கீரனூர்ப் பக்கம் ஒரு கிராமம். மனுப் போட்டிருந்த பெண்ணுக்கு நாற்பது வயதிருக்கும். திருப்பூருக்கு வேலைக்குப் போன கணவன் ஒன்பது வருடமாகத் திரும்பவில்லை. திருச்சியில் ஒரு ஜவுளிக்கடையில் பெருக்கித் துடைத்துக்கொண்டிருந்தாள். பஸ் நின்றதும் அந்த வேலையும் போயிற்று. பள்ளிக்கூடத்தில் படிக்கிற மகள் ஒருத்தி. கணவனால் கைவிடப்பட்டவர்களுக்கு மாதாமாதம் தருகிற தொகை வந்தால்தான் அங்கே அடுப்பு எரியும். எல்லாம் மனுவிலேயே இருந்தது. நான் படித்துவிட்டுத்தான் போனேன்.

நான் வரப்போவதைத் தலையாரி முதல் நாளே சொல்லிவிட்டார் போலிருக்கிறது. ஆபீசர் வீட்டுக்கு வருகிறார் என்றால் எங்கள் பக்கத்தில் சும்மா இருப்பார்களா? வாசலில் பெரிய கோலம். ஓட்டு வீட்டுக்குள் பளபளவென்று இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகள், ஒரு டேபிள் ஃபேன். தட்டு நிறைய மிக்சர், பிஸ்கட்.

“வாங்க சார், உள்ளாற வாங்க. வெயில்ல வந்திருக்கீங்க, ஃபேனுக்கு நேரா இங்கிட்டு ஒக்காருங்க.”

டீ வந்தது. எவர்சில்வர் டம்ளரில் பெயர் வெட்டியிருந்தது. மனுவில் இருந்த பெயர் அல்ல. மிக்சர் தட்டில் வேறொரு பெயர். ஃபேன் வயர் ஜன்னல் வழியாகப் பக்கத்து வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. தெருவே சேர்ந்து அவள் மானத்தைக் காப்பாற்றியிருந்தது. வந்த மனுஷனை வெறுந்தரையில் உட்கார வைத்து வெறும் தண்ணீர் கொடுத்து அனுப்பிவிடக் கூடாதே என்பதுதான் அத்தனை பேருக்கும் கவலை.

இது எனக்குப் புரியாமல் இல்லை. நானும் இந்த மண்ணில் பிறந்தவன்தான். என் அம்மாவும் விருந்தாளி வந்தால் அடுத்த வீட்டில் சர்க்கரை வாங்கித்தான் காப்பி போடுவாள். இருந்தும் டீயைக் கடைசிச் சொட்டு வரை குடித்துவிட்டு, ஃபேன் உண்டு, நாற்காலி உண்டு என்று டிக் அடித்தேன். ‘வசதியுடன் வாழ்வதாகத் தெரிகிறது’ என்றும் எழுதினேன். இரவல் என்று எழுதக் கட்டம் இல்லையே என்று வெகுநாள் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன். பொய். கீழே குறிப்பு எழுத நாலு வரி இடம் இருந்தது. பட்டியலைக் குறைத்துக் காட்டினால் மேலே தட்டிக்கொடுப்பார்கள் என்ற நப்பாசை, வேறொன்றுமில்லை.

சமூகப் பாதுகாப்பு என்று வாய் நிறையச் சொல்லிக்கொள்கிறோம். கிழிந்த பாயை விரித்துப்போட்டு மூக்கைச் சிந்தத் தெரிந்தவர்களுக்குத்தான் அது கிடைக்கிறது. முகம் கழுவிப் பொட்டு வைத்துக்கொண்டு பட்டினி கிடக்கிறவர்களை எங்கள் படிவத்துக்குக் கண் தெரியாது. எனக்குத் தெரிந்திருந்தது.

மனு தள்ளுபடியான கடிதத்தை எடுத்துக்கொண்டு அடுத்த மாதம் ஆபீசுக்கு வந்தாள். சண்டை போடுவாள் என்று நினைத்தேன். போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மேஜைக்கு அருகே வந்து, யாருக்கும் கேட்காதபடி கேட்டாள்.

“அன்னைக்கு நான் ஏதும் கொற வச்சிட்டேனா சார்? டீ ஆறிப்போயிருந்துச்சா?”

அடுத்த மேஜையில் என் மேலதிகாரி உட்கார்ந்திருந்தார். இனி யார் வந்தாலும் வீட்டிலுள்ள பாயை மட்டும் போடு, சொம்பில் தண்ணீர் கொடு, அது போதும் என்று சொல்ல அரை நிமிடம் ஆகியிருக்காது.

“மறுபடியும் மனுப் போடும்மா” என்றேன்.

“போடுறேன் சார்.” அவள் முகம் தெளிந்தது. “இந்தத் தடவ கோழி அடிச்சுச் சாப்பாடே ஆக்கி வச்சிருவேன். நீங்க சாப்பிட்டுத்தான் போகணும்.”

சரி என்று தலையாட்டினேன்.