அம்புஜம் அக்கா விற்றுக் கொடுத்த வீடுகள்

எங்கள் வீதியில் ரோ ஹவுஸ் விற்றது குழந்தைவேலு இல்லை, அம்புஜம் அக்காதான். பில்டர் என்று போர்டில் பேர் போட்டுக்கொண்டது மட்டும்தான் அவன். வெயிலில் வந்தவர்களை உட்காரவைத்து, சொம்பில் தண்ணீர் கொடுத்து, ஏரியாவைப் பற்றி நாலு நல்ல வார்த்தை சொன்னது இவர். எதிர் வீட்டிலிருந்து எல்லாவற்றையும் நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

அக்கா பம்பு செட் கம்பெனியில் மோட்டாருக்குக் காயில் சுற்றி ரிட்டயர் ஆனவர். வீட்டுக்காரர் சீனிவாசலு போன பிறகு தனியாக இருக்கிறார். ஒரே மகன் ரவிதேஜா பெங்களூரில். மாடி எடுக்க லோன் போட வேண்டும் என்று அவன் கேட்டதும், வீட்டையே அவன் பேருக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். "எப்ப இருந்தாலும் அவனுக்குத்தான சாஜிதா? இன்னைக்கே குடுத்துப்போட்டா என்ன?" என்றார் என்னிடம். அந்த மாடி இன்றுவரை எழும்பவில்லை.

அவர் வீட்டை ஒட்டிப் பூட்டிக் கிடந்த பஞ்சு குடோனைப் போன வருஷம் குழந்தைவேலு வாங்கி இடித்தான். மாடல் வீடு ஒன்று எழும்பியதும் ஞாயிற்றுக்கிழமைகளில் கார்கள் வர ஆரம்பித்தன. வருகிறவர்கள் டைல்ஸையும் மாடுலர் கிச்சனையும் ஒரு பார்வை பார்ப்பார்கள், அவ்வளவுதான். சிறுவாணித் தண்ணீர் ஒழுங்காக வருமா, ஸ்கூல் பஸ் முக்கு வரைக்கும் வருமா, பெண்பிள்ளை இருட்டிய பிறகு ஸ்கூட்டியில் வந்தால் பயமில்லையா, அக்கம்பக்கம் எப்படி, இதுதான் அவர்கள் கேள்வியெல்லாம். இதற்கு பில்டர் சொல்லும் பதிலை எவன் நம்புவான்? "பக்கத்து ஊட்டு அக்காகிட்டயே கேட்டுப்போடுங்க" என்று நேரே அக்கா வீட்டுக்குக் கூட்டி வந்துவிடுவான்.

"தண்ணி கல்கண்டாட்ட இருக்குமுங்க, குடிச்சுப் பாருங்க" என்பார் அக்கா. "அவசரத்துக்கு எந்த ஊட்டுக் கதவைத் தட்டுனாலும் தொறப்பாங்க. எதுத்தாப்புல சாஜிதா இருக்குது. எனக்குக் காச்சல்னா கஞ்சி வெச்சுக் குடுத்துப்போட்டுத்தான் அது சாப்புடும்."

என்னையும் சேர்த்து விற்றார். எனக்கு எரிச்சலாக வரும்.

"ஏன் அக்கா, அவனுக்கு இலவசமா ஏவாரம் பாத்துக் குடுக்கறீங்க?"

"போ கண்ணு. நல்ல குடும்பமாப் பக்கத்துல வந்தா எனக்குத்தான துணை? ராத்திரி நெஞ்சடைச்சா கூப்புட ஒரு ஆளு வேணுமில்ல?"

ஆசை அவ்வளவுதான். வீடுகளும் மளமளவென்று புக் ஆயின. புக் பண்ணியவர்களில் தேஜஸ்ரீ என்ற பெண் அக்காவிடம் ரொம்ப ஒட்டிக்கொண்டாள். ஒரு நாள் மாலை ஸ்வீட் பாக்ஸோடு வந்தாள். நானும் அங்கேதான் இருந்தேன்.

"ஆன்ட்டி, நீங்க பெங்களூருக்கு எப்ப ஷிஃப்ட் பண்றீங்க? உங்களை ரொம்ப மிஸ் பண்ணுவோம்."

"நான் எதுக்குங்க அம்மணி பெங்களூரு போறேன்?"

அவள் குழப்பத்தோடு போனில் பிளானைக் காட்டினாள். வரிசையாக வீடுகள். அக்காவின் வீடு இருக்கும் இடத்தில் பச்சையாக ஒரு பார்க், அதில் ஊஞ்சல், சறுக்கு மரம். மகன் வீட்டைக் கொடுத்துவிட்டார், சீக்கிரம் இடித்துவிடுவார்கள் என்று வாங்க வந்த எல்லாரிடமும் குழந்தைவேலு சொல்லியிருக்கிறான். வாய் திறக்காதது அக்காவிடம் மட்டும்தான்.

அந்தப் பெண் போனதும் அக்கா ஸ்பீக்கரில் மகனுக்குப் போன் போட்டார். அவர்கள் வீட்டில் தெலுங்கு. இத்தனை வருஷப் பழக்கத்தில் எனக்கும் புரியும்.

"பார்க் இல்லைன்னா விலை போகாதும்மா. உன்னை நான் கூட்டிட்டு வந்துடுவேன்ல?"

"எங்கிட்ட ஏன்டா சொல்லலை?"

"சொன்னா வர்றவங்ககிட்ட நீ நல்லபடியாப் பேச மாட்டேன்னு குழந்தைவேலு அண்ணன்தான் சொல்ல வேண்டாம்னாரு."

அக்கா அழவில்லை. நான்தான் அழுதேன். பெற்ற பிள்ளை, தாயின் வாயாலேயே அவர் வீட்டுக்கு விலை ஏற்றியிருக்கிறான். அவன் கன்னத்தில் நாலு அறை விட வேண்டும் என்று கை பரபரத்தது. கூப்பிட ஒரு ஆள் வேண்டும் என்று அவர் தேடித் தேடிச் சேர்த்த அத்தனை பேரும், அவர் கிளம்பும் நாளைத் தெரிந்துகொண்டேதான் உட்கார்ந்து தண்ணீர் குடித்திருக்கிறார்கள்.

அக்காவுக்குத் தெரிந்துவிட்டது என்று ரவிதேஜா நிச்சயம் குழந்தைவேலுவிடம் சொல்லியிருப்பான். இருந்தும் அடுத்த ஞாயிறு இன்னொரு குடும்பத்தோடு வந்து நின்றான் குழந்தைவேலு, வெட்கம் கெட்டவன். நான் சண்டைக்குத் தயாராகத்தான் ஓடினேன். அக்கா கண்ணாலேயே என்னை அடக்கினார். உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். வீடு தேடி வந்தவர்களை அவரால் வேறு எப்படியும் நடத்த முடியாது.

"அக்கம்பக்கம் எல்லாம் எப்படிங்க?" என்று கேட்டாள் வந்த பெண்.

"அக்கம்பக்கம்னா நான்தானுங்க. என்னையத் தொரத்திப்போட்டுத்தான் உங்க கொழந்தைங்களுக்குப் பார்க்கு போடறாங்க. எம்பட பையன் எனக்குத் தெரியாமயே வித்துப்போட்டானுங்க. இன்னும் நான் எங்க போறதுன்னு தெரியலீங்க."

குழந்தைவேலுவின் முகம் செத்துவிட்டது. ஒழிந்தான் என்று எனக்குள் ஒரு சந்தோஷம். புருஷனும் பெண்டாட்டியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு அந்தப் பெண் குழந்தைவேலு பக்கம் திரும்பினாள்.

"அப்ப பார்க் கன்ஃபார்ம்தானுங்களே?"