கழுதை தின்றதையும் எழுதுபவள்

பிரிக்காத ஒரு கிலோச் சீனிப் பொதியைக் கொக்கியில் கொழுவி, கைத்தராசைத் தூக்கிப் பிடித்து, ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு முள்ளைப் பார்க்கிறாள் நசீறா. முள் ஒன்றில் நின்றால்தான் அவளுக்குச் செவ்வாய்க்கிழமை தொடங்கும். கொஞ்சம் தள்ளி நின்றால் மேலே இருக்கும் திருகாணியைத் திருகித் திருகி நேராக்குவாள். ஒன்றரை வருடமாக அந்தச் சீனிப் பொதி தராசுக்கென்றே கிடக்கிறது. வீட்டில் தேத்தண்ணீருக்குச் சீனி முடிந்தால் கடைக்குத்தான் ஓட வேண்டும். அதில் கை வைக்க அங்கே ஒருவருக்கும் துணிவில்லை.

மன்னார்த் தீவில் தன் வீடும் சேர்த்து அறுபது வீட்டுக் குப்பையை நிறுப்பது அவள் வேலை. வெளிநாட்டு நன்கொடையில் பிரதேச சபை ஒரு திட்டம் கொண்டுவந்தது: வீட்டுக்கு இரண்டு வாளி, ஊருக்கு ஒரு ட்ரக்டர், உக்குவதை வளவுக்குள் புதைக்கச் சொல்லி ஒரு நாள் வகுப்பு. இவ்வளவும் செய்தீர்களே, குப்பை குறைந்ததா என்று தந்தவர்கள் கேட்பார்கள் அல்லவா? அதற்குப் பதில் சொல்ல ஓர் ஆள் வேண்டியிருந்தது. நியமனக் கடிதத்தில் அவள் பெயருக்குக் கீழே 'கள அளவீட்டாளர்' என்று அழகாகத்தான் போட்டிருக்கிறார்கள். யார் விசாரித்தாலும், "நான் குப்பை நிறுக்கிறவள்" என்று முடித்துவிடுவாள்.

இருபது வருடம் கருவாடு நிறுத்து விற்ற கை அது. பையைத் தூக்கியதுமே "ஆறே கால்" என்பாள்; முள்ளும் ஆறே காலில் போய் நிற்கும். ஆனாலும் கையை நம்பி ஒருநாளும் எழுதியதில்லை. "கை நம்மட ஆள். நம்மட பக்கம்தான் சாயும்" என்பது அவள் கட்சி.

கழுதைகளோடு அவளுக்குத் தீராப் பகை. தீவுக் கழுதைகளுக்குச் செவ்வாய்க்கிழமை எப்படித்தான் தெரியுமோ, அவள் வருவதற்குள் வாசல் படலையடியில் வைத்த பையைக் கிழித்து, பூசணித் தோலில் பாதியை முடித்துவிட்டு, ஒன்றும் அறியாத முகத்தோடு நிற்கும். நசீறாவும் விடமாட்டாள். மிச்சத்தை நிறுத்து எழுதி, பக்கத்திலுள்ள குறிப்புக் கட்டத்தில் 'கழுதை தின்றது' என்று போடுவாள். சபையின் தொழில்நுட்ப உத்தியோகத்தர் அனோஜன் நல்ல பிள்ளை. ஒருநாள் தயங்கித் தயங்கிச் சொன்னான். "அக்கா, கழுதையையெல்லாம் எழுத வேணாம்."

"அப்ப கழுதை திண்டதை ஆர் திண்டதெண்டு எழுதுறது தம்பி?"

அடுத்த செவ்வாய்க்கிழமையும் கழுதை தாளில் ஏறியது.

இந்த வருடம் மாசியில் கிலோ இறங்கத் தொடங்கியது. வீட்டுக்கு எட்டரையாக இருந்தது ஏழானது, ஆறானது, கடைசியில் நாலில் வந்து நின்றது. முதலில் நசீறாவுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. சனம் திருந்திவிட்டது என்று நம்பி, ட்ரக்டர் சாரதிக்கென்று வட்டிலப்பம் அவித்து வைத்தாள். சாரதி அதைச் சாப்பிடவில்லை. ட்ரக்டர் வந்தால்தானே சாப்பிட?

டயர் போனது, பிறகு பற்றறி போனது, பிறகு சாரதியை வேறு வேலைக்கு இழுத்துக்கொண்டார்கள். கிழமைக்கு ஒருமுறை வரவேண்டியது மூன்று கிழமைக்கு ஒருமுறை வந்தது. குப்பை அதுவரை காத்துக்கொண்டா இருக்கும்? வேலிகளுக்குப் பின்னால் கரித் திட்டுகள் தெரிந்தன. அவள் நிறுக்கும் வீடுகளில் ஒன்றான மதலேனாவின் வளவில் பிளாஸ்டிக் உருகி, மணலோடு சேர்ந்து கட்டியாகிக் கிடந்தது.

"எரிச்சனீங்களோ?" என்று நசீறா கேட்டாள்.

"பின்ன? குப்பை வண்டி வராட்டி நான் என்ன தலையிலயோ வைக்கிறது ராத்தா? புழுவெல்லோ வைக்குது" என்றாள் மதலேனா.

நியாயமான கேள்வி. நசீறா அவளைக் கோபிக்கவில்லை. குறிப்புக் கட்டத்தில் 'எரித்தது' என்று எழுதினாள். அடுத்த வீட்டுக்கும் அதையே எழுதினாள். அறுபதில் முப்பத்தெட்டு வீட்டுக்கு அப்படி எழுத வேண்டி வந்தது.

அவள் கோபம் வேறிடத்தில். மகள் றிஸானாவுக்குச் சின்ன வயதிலிருந்தே முட்டு எனும் மூச்சிழுப்பு. தென்மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்றில் புகை வேலி தாண்டி வந்தால், பம்ப் அடித்தும் மூச்சு வசப்படாது. கதிரைக் கையைப் பிடித்துக்கொண்டு, தோள் ஏறி ஏறி இறங்க உட்கார்ந்திருப்பாள். இந்த வருடம் மட்டும் மூன்று தரம் ஆஸ்பத்திரி. தாளில் கிலோ இறங்க இறங்க மகளின் நெஞ்சில் இழுப்பு ஏறுவதைக் கண்ணால் பார்த்தாள். "சபைக்குக் குப்பை குறைஞ்சிருக்காம். என்ர பிள்ளைக்கு மூச்செல்லோ குறைஞ்சிருக்கு" என்று பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னாள்.

போன வியாழக்கிழமை அனோஜன் அவளைச் சபைக் கந்தோருக்கு அழைத்து, இறுதி அறிக்கைத் தாளை முன்னால் வைத்தான். இலக்கு நாற்பது வீதக் குறைவு. கிடைத்ததோ ஐம்பத்து மூன்று. இலக்கைத் தாண்டிய திட்டம் வெற்றி என்று மூடப்படும். மூடினால் ட்ரக்டரைத் திருத்தக் கேட்ட உதவியும் வராது, புகையும் நிற்காது. தாளின் அடியில் நசீறாவின் கையெழுத்துக்கு ஒரு கோடு இருந்தது.

"எல்லாம் உங்கட எண்கள்தான் அக்கா. ஒண்டையும் மாத்தேல்லை."

"எண் என்ர. குறைஞ்சதெண்டு நான் சொல்லேல்லை. என்ர குறிப்புக் கட்டம் எங்க?"

"இந்தப் படிவத்தில அதுக்கு இடமில்லை அக்கா."

"புகைக்கு என்ர வீட்டுக்குள்ள இடமிருக்கு. உங்கட தாளில இடமில்லையோ?"

அனோஜன் கதவுப் பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினான். "நாளைக்குக் கொழும்பில இருந்து காசு தந்த ஆக்கள் பாக்க வருகினம். நீங்கள் சைன் வைக்காட்டி அடுத்த வருஷத் திட்டத்துக்கு உங்களை எடுக்க மாட்டினம். யோசிச்சுச் செய்யுங்கோ."

"எடுக்காட்டிப் போகட்டும். கருவாடு நிறுக்க நான் இன்னும் மறக்கேல்லை" என்று சொல்லிவிட்டு, மேசையிலிருந்த பேனையை எடுத்தாள்.

அவன் அப்பாடா என்று கதிரையில் சாய்ந்தான். நசீறா தாளைக் கவிழ்த்தாள். வெறுமையாகக் கிடந்த பின்பக்கத்தில், எரித்த வீடுகளின் இலக்கங்களைக் கொட்டை எழுத்தில் எழுதத் தொடங்கினாள். முதல் இலக்கத்தைப் பார்த்ததும் அனோஜன் நிமிர்ந்தான்.

"அக்கா, இது உங்கட வீடெல்லோ? உங்கட குறிப்பில இது இருக்கேல்லையே."

"ஓம். இதை மட்டும் எழுதாமல் விட்டனான். பிள்ளை ஆஸ்பத்திரியில கிடந்த நேரம் நானும் ஒருக்காக் கொளுத்தினனான்."

தன் வீட்டு இலக்கத்துக்கு நேரே 'எரித்தது' என்று எழுதி, அதற்குப் பக்கத்திலேயே கையெழுத்தை வைத்துவிட்டு, நசீறா இரண்டாம் வரிக்குப் போனாள்.