கம்ப்யூட்டரில் வான் பாய்ந்த குளம்

துணுக்காய்ப் பக்கத்து விவசாயிகளின் கமக்காரர் அமைப்பொன்றின் செயலாளர் பிரதாபனுக்கு வயது நாற்பத்தெட்டு. எதையும் ஆறப்போடத் தெரியாத மனிதர். குளத்தில் சல்வீனியாப் பூண்டு படரத் தொடங்கியதும், அதை அள்ளுவதற்கு இரண்டு தரம் சிரமதானம் வைத்தார். முதல் தரம் ஐந்து பேர் வந்தார்கள். அடுத்த தரம், தேநீர் ஊற்ற வந்த மனைவி கமலாசனியையும் சேர்த்து நான்கு பேர். மூன்றாம் தரமும் இப்படியென்றால் பதவியை விட்டுவிடுவதென்று வைராக்கியமாக இருந்தார்.

சனங்களைப் பயப்படுத்த ஒரு கணக்கு வேண்டும். யூடியூப் பார்த்துப் பைதான் படித்திருந்தவர், எதையும் மளமளவென்று பெருக்கிக் காட்டும் 'எக்ஸ்ப்' என்ற சார்பைப் பிடித்தார். பூண்டு பெருகுவது நாளுக்கு எட்டு வீதம். பார்க்க வேண்டியது தொண்ணூறு நாள். வீதத்தை நூறால் வகுக்க மறந்து, வெறும் எட்டை அடித்தார். எட்டைத் தொண்ணூறால் பெருக்கி எழுநூற்றிருபதை அதன் வாயில் திணித்தால் அது என்ன செய்யும்? 'ஓவர்ஃப்ளோ எரர்' என்று சிவப்பு எழுத்தில் கத்தியது.

நீர்ப்பாசனக் கடிதங்களில் வருடக்கணக்காக 'ஓவர்ஃப்ளோ' பார்த்தவருக்கு வேறென்ன விளங்கும்? குளம் நிரம்பி வழிந்து வான் பாயப்போகிறது! 'எரர்' அவர் கண்ணில் படவேயில்லை.

"கமலா, தொண்ணூறு நாளில குளம் வான் பாயுமெண்டு கம்ப்யூட்டர் சொல்லுது!" என்று குசினிக்கு ஓடினார்.

"பூண்டைக் கேட்டால் தண்ணியைச் சொல்லுதோ?" என்றாள் கமலாசனி. நல்ல கேள்விதான். அவர் காதில் விழவில்லை.

வீரகத்தியரின் தேநீர்க்கடைக்குச் செய்தி போனபோது தொண்ணூறு நாள் ஒன்பது நாளாகியிருந்தது. சந்தி தாண்டியதும் 'நாளைக்கு' ஆனது. விடிய, குளக்கட்டில் எழுபது பேர் மண்வெட்டியும் மண்மூட்டையுமாக நின்றார்கள். குளத்திலோ முழங்காலளவு தண்ணீர். வானத்தில் ஒரு முகில் இல்லை.

பாடசாலையில் கம்ப்யூட்டர் படிப்பிக்கும் கஜனி அவருடைய மடிக்கணினியை வாங்கிப் பார்த்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தாள்.

"அண்ணை, பெருகிப் பாய்ஞ்சது தண்ணியில்லை, உங்கட கணக்கு. தனக்குள்ள அடங்காத இலக்கம் வந்தால் கம்ப்யூட்டர் இப்பிடித்தான் சொல்லும். எட்டில்லை, சைபர் தசம் சைபர் எட்டெண்டு போடுங்கோ."

பிரதாபனுக்கு வெட்கத்தில் தலை நிமிரவில்லை. திரும்பத் தொடங்கிய கூட்டத்தைக் கமலாசனிதான் மறித்தாள்.

"வந்தது வந்திட்டியள், தேத்தண்ணியும் ஊத்தியாச்சு. குளத்துக்குள்ள இறங்குங்கோ!"

மத்தியானத்துக்குள் பூண்டு முழுவதும் கரையேறியது. பிரதாபனுக்குச் சந்தோஷத்தில் அழுகையே வந்துவிட்டது.

அடுத்த வருடம் பூண்டு மறுபடி தலைகாட்டியது. திருத்தி வைத்திருந்த கணக்கைப் பார்த்துக்கொண்டிருந்தவர் மனைவியை மெல்லக் கேட்டார்.

"இஞ்சேரப்பா, சைபர் தசம் சைபர் எட்டுக்கு எத்தினை பேர் வருவினம்?"

"நாலு பேர்."

பிரதாபன் புள்ளியையும் இரண்டு சைபரையும் அழித்தார்.