விரிசலில் ஒட்டிய கண்ணாடி

காலையில் ‘டிக்’கென்று சத்தம். சுவர் விரிசலின் குறுக்கே ஒட்டியிருந்த கண்ணாடித்துண்டு உடைந்திருந்தது.

எனக்குப் பத்து வயதானபோது, திருத்தணியில் நிலம் லேசாக அதிர்ந்தது. பாத்திரங்கள் உருண்டன. முருகனே வந்துவிட்டான் என்று நான் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். எங்கள் வீட்டுச் சுவரில்தான் விரிசல் விட்டிருந்தது. பார்க்க வந்த பொறியாளர் அதன்மேல் கண்ணாடி ஒட்டினார்.

“இது உடைஞ்சா விரிசல் வளருதுன்னு அர்த்தம். உடனே வீட்ட காலி பண்ணிடுங்க.”

மறுமாதமே உடைந்தது. நைனா புதுக் கண்ணாடி வாங்கிவந்து ஒட்டினார்.

“சுவத்த உட்டுட்டு கண்ணாடிய மாத்திகினு இருக்கியே!” என்று அம்மா கத்தினாள்.

“காலி பண்ணா எங்க போறது? உங்கப்பன் அரக்கோணத்துல மாளிகை வச்சிகீறாரா?”

நான் வயிறு வலிக்கச் சிரித்தேன்.

இன்று, அதே வீட்டில், என் மகள் சொன்னாள்: “வேற வீடு பாக்கலாம்பா.”

“ஆங், பாக்கலாம்” என்றேன். உடைந்த துண்டை நூலால் அளந்துகொண்டு கண்ணாடிக் கடைக்குக் கிளம்பினேன்.