நைனாவின் போர்வெல்காரன்

சித்தூரில் ஒரு மாம்பழக்கூழ் கம்பெனியில் நைனா, அதாவது என் அப்பா, கணக்கெழுதினார். அங்கே புதிதாக ஒரு கம்ப்யூட்டர் வந்தது. அதற்கு ஏசி அறை, வெல்வெட் உறை, உள்ளே போகச் செருப்பை வெளியே விட வேண்டும். சாமிக்குக்கூட அவ்வளவு உபசாரம் கிடையாது. திருப்பதியில் காலேஜ் படித்த நான் ஞாயிற்றுக்கிழமை ஊருக்கு வந்தால், "கம்ப்யூட்டர் கத்துக்கோ, இனிமே அதான் சோறு போடும்" என்பார். முதலாளியிடம் கேட்டுவிட்டு என்னை அங்கே கூட்டிப்போவார். பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து நாங்கள் இருவரும் கற்றது என்னவோ ஒரே ஒரு விளையாட்டைத்தான்.

ஒரு குட்டி மனிதன் மண்ணைத் தோண்டிக்கொண்டே போவான். வழியில் கிடைக்கும் பழங்களைத் தின்பான். தலையில் பாறை விழுந்தால் செத்தான். எங்கள் நிலத்தில் போட்ட போர் எல்லாம் புழுதியைத்தான் கக்கியது. அதனால் நைனா அவனுக்குப் போர்வெல்காரன் என்று பெயர் வைத்தார். "இவனுக்காச்சும் தண்ணி வரட்டும்" என்பார்.

ஓர் ஆயுதபூஜையன்று அந்த விளையாட்டு இருந்த பிளாப்பிக்கும் சந்தனம், குங்குமம் வைத்தார். அதுவும் உள்ளே தகடு தெரிகிற இடத்தில். "சாமிக்கு செஞ்சது, ஒண்ணும் ஆவாது" என்றார். ஆகிவிட்டது. போர்வெல்காரன் அதோடு சரி.

வெளிநாட்டுக் கம்பெனிகள் ஆளெடுக்க ஆரம்பித்த நேரம். நான் பெங்களூர் போய், அங்கிருந்து அமெரிக்கா போனேன். இப்போது நைனாவுக்கு ஞாபகம் போய்விட்டது. கூடவே இருக்கும் என் தங்கையைத் தெரிகிறது, பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார். விமானம் ஏறி வந்த என்னை, "யாரு வேணும்மா?" என்கிறார். எரிச்சலாக வந்தது. அழுகையும் வந்தது.

அதே விளையாட்டு இணையத்தில் கிடைத்ததும் எனக்கொரு நப்பாசை. அதைக் கண்டால் என் ஞாபகமும் வராதா? லேப்டாப்பை அவர் முன்னால் வைத்து, பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன்.

அவர் விரல்கள் தாமாகவே பொத்தான்களுக்குப் போயின. "போர்வெல்காரன்!" என்று சிரித்தார். பாறைக்கு அடியில் நுழைந்து தப்பினார், பழம் தின்றார்.

"நைனா, நான் யாரு சொல்லு?"

திரும்பி என்னை நிதானமாகப் பார்த்தார்.

"புதுசா வேலைல சேந்தியாம்மா? எந்த செக்ஷன்?" என்றார். பிறகு, மனம் நோகக்கூடாதே என்பதுபோல் மெதுவாகச் சொன்னார். "கொஞ்சம் எழுந்துக்கோம்மா. எம் பொண்ணு வந்துக்கினு இருக்கா. இந்தச் சேர்லதான் குந்துவா."

எழுந்து நின்றேன். வேறு என்ன செய்வது?