கற்பூரத்தோடு எரிந்த ரசீது

கமலவேணிக்கு வாய் நீளம் என்று மலாக்காவில் ஜாசின் பக்கத்தில் எங்கள் ரப்பர்த் தோட்டம் முழுக்கப் பேச்சு. பக்கத்து வீட்டுக்காரி நான் சொல்கிறேன், நீளம்தான். ஆனால் அந்த வாயும் ஒரு காலத்தில் அடைத்துக் கிடந்தது, தவணையில் வாங்கிய ஓர் ஐஸ்பெட்டியால்.

ஃபேக்டரியில் ஆள் குறைத்தபோது அவளுக்கு வேலை போயிற்று, தவணை நின்றது. கடைக்காரர் கடனை ஒரு வசூல் கம்பெனியிடம் தள்ளிவிட்டார். அங்கிருந்து வந்தவன் மணியம். நம்மாள்தான். அதனால் எங்கே குத்தினால் வலிக்கும் என்று அவனுக்குத் தெரியும். ஞாயிறு காலையில், லயத்து வரிசை வீடுகள் அத்தனையும் வாசலில் உட்கார்ந்து கோழி உரிக்கும் நேரம் பார்த்து வருவான். மோட்டார் சைக்கிளை அணைக்காமல் நடுரோட்டில் நின்று, "கமலவேணி! ஐஸ்பெட்டிக் காசு எங்க?" என்று கத்துவான். அவள் கதவைச் சாத்திக்கொள்வாள். புருஷன் வீரப்பன் நல்ல மனுஷன், அதாவது எதற்கும் வெளியே வராதவன்.

வேறு ஃபேக்டரியில் சேர்ந்து, காதுத் தோட்டையும் விற்று, கடனை அடைத்தாள். அடைத்த வெள்ளிக்கிழமை பூசணிக்காய் உடைத்தாள். அதோடு நின்றிருக்கலாம். பீடை ஒழியட்டும் என்று ரசீது, கடிதம் எல்லாவற்றையும் வீட்டைச் சுற்றித் திருஷ்டி கழித்து, முச்சந்தியில் கற்பூரத்தோடு கொளுத்திவிட்டாள். நாங்களும் பக்தியோடு சுற்றி நின்றோம். ஒரு கழுதைக்கும் அது தப்பென்று தோன்றவில்லை.

தொண்ணூற்றாறில் தோட்டத்தை விற்றார்கள். வீட்டைக் காலி செய்யச் சொன்னார்கள். கமலவேணி புக்கிட் ரம்பாயில் ஒரு மலிவு விலை வீட்டுக்கு முன்பணம் கட்டியிருந்தாள். பேங்க் கடன் கிடைத்தால் வீடு, இல்லாவிட்டால் தெரு.

பேங்கில் திவாகர் என்ற பையன் உட்கார்ந்திருந்தான். "அக்கா, உங்க பேரு பிளாக்லிஸ்ட்ல இருக்கு."

"முழுசா கட்டிட்டேனே தம்பி!"

"கட்டுனத லிஸ்ட் வச்சிருக்கிற கம்பெனிக்கு யாரும் சொல்லல லா. கடன் முடிஞ்சிச்சுன்னு வசூல் கம்பெனி லெட்டர் குடுத்தா பேர எடுத்துருவாங்க. ரசீது இருக்கா?"

"சாமிக்குக் குடுத்துட்டேன்."

திவாகர் பேனாவைக் கீழே வைத்தான். "அப்ப வசூல் ஆபிஸ்லயே போய்க் கேளுங்க. அவங்க ஃபைல்ல இருக்கும்."

மலாக்கா டவுனில் மணியத்தின் ஆபிஸுக்குப் போனாள். "காசு வாங்குறது என் வேல. பேர எடுக்குறது என் வேல இல்ல," என்றான் அவன். அடுத்த முறை ஃபைல் கிடைக்கவில்லை. அதற்கடுத்த முறை ஃபைல் கிடைத்தது, ஆனால் அதை எடுத்துத் தரக் காப்பிக் காசு, அதாவது லஞ்சம், வேண்டுமாம். அன்றைக்கு என் வீட்டுக் குசினியில் அடுப்போரம் உட்கார்ந்து அழுதாள். நம்ம வீட்டுக்குத் தேடி வந்து கத்தத் தெரிந்தவனுக்கு, ஒரு கடுதாசி அடிக்கத் தெரியாதா?

"அவன் வீடு எங்கடி இருக்கு?" என்று கேட்டேன். மூக்கைச் சிந்தியவள் நிமிர்ந்து பார்த்தாள்.

வீட்டை விசாரித்துக்கொண்டு ஞாயிறு காலை வீரப்பனின் மோட்டாரை எடுத்தாள். பின்னால் நான். சுங்கை ஊடாங்கில் மணியம் இருந்த தாமானில், அந்தக் குடியிருப்பு முழுக்க, எல்லோரும் வாசலில் நிறுத்திய காடியைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். அவள் மோட்டாரை அணைக்கவில்லை.

"மணியம்! காசு வாங்குனியே, என் லெட்டர் எங்க?"

அடைத்துக் கிடந்த வாய் அன்று மொத்தமாகத் திறந்தது. தாமான் முழுக்கக் குழாயை மூடிவிட்டுக் கேட்டது. மணியம் கைலியைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தான். "அக்கா, மெதுவா லா! மானம் போகுது!"

"போகட்டும். எனக்குப் போனப்ப நீ சத்தத்தக் கூட்டுனியே."

மறுநாளே முத்திரையோடு லெட்டர் வந்தது. திவாகர் அதை ஃபேக்ஸ் பண்ணினான். சில வாரத்தில் பெயரை எடுத்துவிட்டார்கள். கடன் கிடைத்தது.

புது வீட்டில் பால் காய்ச்சிய அன்று முருகன் படத்துக்குப் பக்கத்தில் அந்த லெட்டரைக் கண்ணாடி போட்டு மாட்டியிருந்தாள். பூசாரி தீபாராதனைத் தட்டோடு அந்தப் பக்கம் திரும்பியதும் பாய்ந்து போய்க் குறுக்கே நின்றாள்.

"சாமி, முருகனுக்கு எவ்வளவு வேணாலும் காட்டுங்க. இதுக்கிட்ட மட்டும் கற்பூரத்தக் கொண்டாராதீங்க!"