வெந்நீர்க் குழாய் ஓடிய வீடு

எழுபதுகளின் நடுவில் சித்தூரில் ஒரு டாக்டரின் வீட்டுக்கு வெந்நீர்க் குழாய் போட்டுக் கொடுத்தேன். குளிப்பதற்கு அல்ல, அறைகளைச் சூடாக்குவதற்கு. சித்தூர் வெயிலில் வீட்டைச் சூடாக்க ஒருவர் குழாய் போடுகிறார் என்றதும் கேட்டவர்களெல்லாம் சிரித்தார்கள். எனக்குப் பயமாக இருந்தது.

டாக்டர் நெடுங்காலம் குளிர்நாட்டில் வேலை பார்த்துத் திரும்பியவர். அவர் மனைவிக்கு மூட்டுவாதம். மார்கழிப் பனியில் அந்த அம்மாவுக்கு விரல்கள் மடங்காது. யாராவது தாங்கினால்தான் கட்டிலை விட்டு எழ முடியும். அந்தக் குளிர்நாட்டில் வீட்டுச் சுவரோரம் வெந்நீர்க் குழாய்கள் ஓடியதால் வலி தெரியாமல் இருந்ததாம். நான் டிப்ளமோ முடித்து ஒரு கட்டட கான்டிராக்டரிடம் படம் வரைந்துகொண்டிருந்தேன். எங்கள் சர்ச் சபைக்கு வருகிறவர் என்பதால் டாக்டரிடம் மறுக்க முடியவில்லை.

என் அப்பா, நாங்கள் நைனா என்போம், அரிசி ஆலையில் நெல் அவிக்கும் பாய்லரைப் பார்த்துக்கொண்டவர். நான் பள்ளியில் படிக்கும்போது அது வெடித்தது. நைனா தோளிலிருந்து மணிக்கட்டு வரை வெந்து பிழைத்தார். பக்கத்தில் நின்றவர் பிழைக்கவில்லை. 

அதனாலேயே டாக்டர் வீட்டுக் குழாய்ப் படத்தைத் திரும்பத் திரும்ப வரைந்தேன். சமையலறைக்குப் பின்னால், தரையைவிடத் தாழ்வாக, விறகில் எரியும் சின்ன பாய்லர். சூடான தண்ணீர் தானாகவே மேலேறி, சுவரோரக் குழாய்களில் ஓடி, ஆறியதும் திரும்பி வரும். டாக்டர் வீட்டு அம்மாவின் படுக்கையறை, நோயாளிகளைப் பார்க்கும் அறை, மாடி என்று மூன்று பிரிவு. ஒவ்வொன்றுக்கும் தனி வால்வு. வேண்டிய இடத்தை மட்டும் சூடாக்கிக்கொள்ளலாம். மூன்றையும் மூடினாலும் சூட்டில் பெருகும் தண்ணீருக்குப் போக்கிடம் வேண்டும். அதற்காக பாய்லரிலிருந்து நேரே மொட்டைமாடிக்கு ஒரு குழாய் ஏற்றி, அதன் வாயைத் திறந்தே விட்டேன்.

"இந்தக் குழாயில மட்டும் யாரும் கை வைக்கக் கூடாது, டாக்டர்" என்றேன். அவர் தலையாட்டினார்.

முதல் குளிர்காலம் நல்லபடியாகப் போயிற்று. அடுத்த மார்கழியில், மாடியில் ஒரு இணைப்பு ஒழுகுகிறது என்று சொல்லி அனுப்பினார்கள். காலையில் போனேன். டாக்டர் திருப்பதிக்குப் போயிருந்தார். சைக்கிளை நிறுத்தும்போதே சத்தம் கேட்டது. இரும்புக்குள் யாரோ உட்கார்ந்து சுத்தியலால் அடிப்பதுபோல விட்டுவிட்டுக் கேட்டது. என் கால்கள் அங்கேயே நின்றுவிட்டன. ஓடிவிடலாம் என்றுதான் முதலில் தோன்றியது.

சமையல்கார அம்மா வாசலுக்கு வந்தாள். "காலையில இருந்து இப்டிதான் கத்திக்கினு கீது சார். அம்மா உள்ளதான் படுத்துக்கினு கீறாங்க."

பாய்லருக்கும் அந்தக் கட்டிலுக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர்.

"அம்மாவை வெளியில கூட்டிக்கினு வாங்க. தெருவுக்கே போயிடுங்க" என்று சொல்லிவிட்டு அடுப்புக்கு ஓடினேன். எரியும் கட்டைகளை மண்வெட்டியால் வெளியே இழுத்தேன். அவசரத்தில் பாதி என் காலடியிலேயே விழுந்தன. மிச்சத் தணலை மணலைப் போட்டு மூடினேன். அப்படியும் சத்தம் அடங்கவில்லை. வால்வுகளைத் தொட்டுப் பார்த்தேன். மூன்றும் மூடியிருந்தன. சரி, மொட்டைமாடிக் குழாய் என்ன ஆயிற்று? அது ஏன் இதை வாங்கிக்கொள்ளவில்லை?

மாடிக்கு ஓடினேன். படியேறும்போது காலுக்குக் கீழே அந்த அடி கேட்டுக்கொண்டே இருந்தது. நைனாவின் வெந்த தோல்தான் கண்முன் நின்றது. மாடி அறைக் குழாயின் உச்சியில், காற்றை வெளியேற்ற ஒரு சின்னத் திருகு வைத்திருந்தேன். தண்ணீர் திரும்பி வரும் குழாய்க்கு வால்வு கிடையாது என்பதால், திருகைத் திறந்தால் பாய்லரின் அழுத்தம் அந்த வழியாக இறங்கும். ஒரேயடியாகத் திறந்தால் கீழே தண்ணீர் பொங்கிவிடும். கொஞ்சம் கொஞ்சமாகத் திருகினேன். தண்ணீர் பீறிட்டு எதிர்ச்சுவரில் அடித்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டு, திருகை விடாமல் பிடித்திருந்தேன். வாய் தானாக ஜெபத்தை முணுமுணுத்தது. பீறிட்ட தண்ணீர் மெல்ல மெல்லத் தணிந்து சொட்டாகியது. கீழே சத்தம் நின்றது.

மொட்டைமாடிக்குப் போய்ப் பார்த்தேன். குழாயின் வாயில் இரும்பு மூடி ஒன்று இறுக்கித் திருகியிருந்தது. பக்கத்தில் பாயில் மிளகாய் காய்ந்துகொண்டிருந்தது.

இறங்கி வந்தபோது அம்மா தெருவோரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"யாரும்மா மூடி போட்டது?"

"நான்தான் தம்பி போடச் சொன்னேன். தண்ணி சொட்டி மிளகாயெல்லாம் பூஞ்சை பிடிச்சிடுச்சி. மூடி போட வந்த பைப் ரிப்பேர்காரரும் ஒண்ணும் ஆவாதுன்னாரு. இன்னிக்கி ரூம்ல புழுக்கமா இருந்துது, நானே மூணு வால்வையும் மூடிட்டேன்." கரி படிந்த என் கைகளைப் பார்த்தார். "வெடிச்சிருக்குமா?"

"தெரியலம்மா" என்றேன். அவர் காலடியில் மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டேன். சமையல்கார அம்மா தண்ணீர் கொண்டுவந்தாள். ஒரே மூச்சில் குடித்தேன்.

திருப்பதியிலிருந்து திரும்பிய டாக்டரிடம், பாய்லரைப் பிடுங்கிவிடலாம் என்று சொன்னேன். அம்மா ஒப்பவில்லை. "போன வருஷம் நானே எழுந்து சர்ச்சுக்குப் போனேன் தம்பி. அத மட்டும் எடுத்துடாதீங்க" என்றார். மூடியைக் கழற்றினேன். குழாயை நீட்டி, மிளகாய் காயும் பக்கம் சொட்டாமல் சாக்கடையோரம் வளைத்துவிட்டேன். மெட்ராஸிலிருந்து, அழுத்தம் கூடினால் தானாகத் திறக்கும் சேஃப்டி வால்வு ஒன்றும் வரவழைத்துப் பொருத்தினேன்.

மறுபடி அடுப்பு பற்றவைத்த அன்று நான் தன் அறையில் பக்கத்தில் நிற்க வேண்டும் என்று அம்மா கேட்டார். நின்றேன். தண்ணீர் சூடாகி, குழாய்கள் லேசாக முனகத் தொடங்கியதும் என் கண் வாசல் பக்கமே போயிற்று. அம்மா குழாயின்மேல் ஒரு துண்டைப் போட்டு, அதன்மேல் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டு, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிப் பார்த்தார்.